கூலி எழுதாத கணக்கு

நிகழ்ச்சி முடிவதற்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது திரையில் ஒரு கணக்கு வரும். வண்டி வாங்கினது இவ்வளவு. ஸ்பேர் பார்ட்ஸ் இவ்வளவு. பெயின்ட் இவ்வளவு. ஆக மொத்தம் இவ்வளவு. விற்றது இவ்வளவு. லாபம் இவ்வளவு! உடனே ஒரு இசை. சுபம்.

‘வீலர் டீலர்ஸ்’ என்கிற பிரிட்டிஷ் நிகழ்ச்சியைத்தான் சொல்கிறேன். 2003-ல் டிஸ்கவரிக்காக ஆரம்பித்தார்கள். ரிமோட்டும் கையுமாக ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்கிற ஆம்பளைகளில் பாதிப் பேராவது ஒரு தடவை இதில் மாட்டிக்கொண்டு முழுசாகப் பார்த்திருப்பார்கள். மைக் ப்ரூவர் என்று ஒருவர். வாய் ஜாலக்காரர். பழைய வண்டியைத் தேடிப் பிடித்து, பேரம் பேசி, கை குலுக்கி வாங்கி வருவார். எட் சைனா என்று இன்னொருவர். ஆறடிக்கு மேல் உயரம், ஆரஞ்சு நிறக் கையுறை, அதிர்ந்து பேசாத குரல். அவர் அதை ரிப்பேர் பண்ணுவார். (சோபாவுக்கு இன்ஜின் வைத்து ரோட்டில் ஓட்டி கின்னஸ் புத்தகத்தில் ஏறிய ஆசாமி இவர். நம்ம வீட்டு சோபாவை நகர்த்தவே ரெண்டு பேர் வேண்டியிருக்கிறது.) கடைசியில் மைக் அதை விற்பார். அப்புறம்தான் மேலே சொன்ன கணக்கு.

நான் படித்தது பி.காம். கார்புரேட்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டால் யோசிப்பேன். ஆனால் காஸ்ட் அக்கவுன்டிங் வாத்தியார் முதல் வகுப்பிலேயே போர்டில் எழுதிப் போட்டது மறக்கவில்லை. மூலப்பொருள், கூலி, நேரடிச் செலவு. மூன்றும் சேர்ந்தால்தான் பிரைம் காஸ்ட். இதில் ஒன்றை விட்டாலும் அந்தக் கணக்குக்கு முட்டை மார்க்.

வீலர் டீலர்ஸ் கணக்கில் கூலியே கிடையாது. எட் சைனா எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார், அதற்கு மணிக்கு எவ்வளவு என்பது எந்த எபிசோடின் கடைசிக் கணக்கிலும் வராது. அவருக்கு டி.வி.க்காரர்கள் தனியாகச் சம்பளம் கொடுத்திருப்பார்கள், அது வேறு விஷயம். வண்டியின் கணக்கில் அவருடைய உழைப்பு பூஜ்யம். சில வண்டிகளில் அப்படியும் லாபம் சொற்பம். சிலவற்றில் கையைக் கடிக்கும்.

“அட, டி.வி. நிகழ்ச்சிதானே, இதுக்குப் போய் ஆடிட் பண்ணுவானேன்?” என்கிறீர்களா? பண்ணத்தான் வேண்டும். இதைப் பார்த்துவிட்டு நிஜமாகவே வண்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

* * *

வீட்டில் வைத்து ரிப்பேர் பண்ண லாயக்கான வண்டி எது என்று இங்கிலாந்தில் கேட்டால் முதலில் வருகிற பதில்களில் ஒன்று, பழைய லேண்ட் ரோவர். அதன் கதை சுவாரஸ்யமானது.

மாரிஸ் வில்க்ஸ் என்பவர் ரோவர் கார் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். வேல்ஸில் ஆங்கிள்சி தீவில் அவருக்குப் பண்ணை இருந்தது. அங்கே வேலைக்கு வைத்திருந்தது, யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க வில்லிஸ் ஜீப். அது ஓய்ந்துபோனால் அடுத்து என்ன வாங்குவது? வாங்க எதுவும் இல்லை. ‘அப்போ நாமே செய்துவிட்டால் என்ன’ என்று கடற்கரை மணலில் படம் போட்டுக் காட்டினார் என்பார்கள். 1947-ல் செய்து பார்த்த முதல் மாதிரிக்கு ஜீப்பின் சேசிஸையே எடுத்துக்கொண்டார்கள். ஸ்டியரிங் நடுவில், டிராக்டர் மாதிரி! 1948 ஏப்ரல் 30-ம் தேதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் வெளியே வந்தது. கம்பெனி அதை ரெண்டு மூணு வருஷம் ஒப்பேற்றுகிற வண்டியாகத்தான் நினைத்தது. அந்த வம்சத்தின் கடைசி டிஃபெண்டர் சோலிஹல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது 2016 ஜனவரி 29 அன்று.

யுத்தம் முடிந்த நேரம். இரும்புக்கு ரேஷன். அலுமினியம் மட்டும் தாராளம். அதனால் வெளி பாடி அலுமினியக் கலவையில். பச்சை பெயின்ட் அடித்ததற்கும் ராணுவ விமானங்களுக்கென்று இருந்த பெயின்ட் மிச்சமானதுதான் காரணம் என்பார்கள். தகடுகளைப் பெரும்பாலும் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். சின்ன வயசில் மெக்கானோ செட் வைத்து விளையாடியவர்களுக்குப் பார்த்ததும் கை பரபரக்கும். கழற்றலாம், மாட்டலாம், அவ்வளவுதானே?

அங்கேதான் சங்கடம். அலுமினியம் இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. எனவே நாற்பது வருஷம் வயலில் கிடந்த வண்டியும் வெளியே பார்க்க ஓரளவு லட்சணமாக இருக்கும். அடியில் இருக்கிற சேசிஸ் இரும்பு. தகடுகளைப் பெட்டி மாதிரி மடித்து வெல்டிங் வைத்தது. சேறும் தண்ணீரும் உள்ளே புகுந்து, உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும். வெளியே கறுப்பு பெயின்ட் அப்படியே இருக்க, விரலால் அழுத்தினால் அப்பளம். விஷயம் தெரிந்தவர்கள் பாடியைப் பார்ப்பதே இல்லை. சுத்தியலும் ஸ்க்ரூடிரைவருமாக வண்டிக்கு அடியில் படுத்து, தட்டித் தட்டிச் சத்தம் கேட்பார்கள், தேங்காய் வாங்குகிற மாதிரி.

அடுத்தது போல்ட். அலுமினியமும் இரும்பும் ஒட்டியிருக்கிற இடத்தில் தண்ணீர் பட்டால் இரண்டுக்கும் ஆகாது. அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொடிந்து போல்ட்டை இறுக்கப் பிடித்துக்கொள்ளும். அங்கே குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் உப்பு வேறு கொட்டுகிறார்கள். கேட்கவே வேண்டாம். ஸ்பேனர் போட்டுத் திருகினால் தலை மட்டும் கையோடு வரும். அப்புறம் எண்ணெய் விட்டு ஊறவைத்து, சூடு காட்டி, அதற்கும் மசியாவிட்டால் டிரில் போட்டு, மரை எடுத்து... ஒரே ஒரு போல்ட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி.

டி.வி.யில் இதெல்லாம் எத்தனை நேரம்? ஒரு கட். “சில நாட்களுக்குப் பிறகு...” என்று குரல் ஒலிக்கும். சேசிஸ் பளபளவென்று நிற்கும்.

* * *

கணக்குப் போட்டுப் பார்ப்போமா? இது என் கற்பனைக் கணக்குதான். ஆனால் மிகைப்படுத்தவில்லை. ஒருவர் வார விடுமுறைக்கு 8 மணி நேரம் ஒதுக்குகிறார். வருஷத்தில் 50 வாரம். மூன்று வருஷத்தில் வண்டியை முடிக்கிறார். 1,200 மணி நேரம். பிரிட்டனில் 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி, 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, மணிக்கு 12.21 பவுண்டு. பெருக்கினால் 14,652 பவுண்டு. இது தரையைக் கூட்டுகிறவருக்கும் சட்டப்படி கொடுக்க வேண்டிய கூலி. வெல்டிங் தெரிந்தவருக்கு இந்தக் காசுக்கு வேலை செய்ய என்ன தலையெழுத்து? இந்த ஒரு வரியைக் கடைசிக் கணக்கில் சேர்த்துவிட்டால் அந்த இசை எழும்புமா என்று யோசியுங்கள்.

“சார், அது ஹாபி. ஹாபிக்கு யாராவது கூலி போடுவாங்களா?”

நியாயமான கேள்வி. கிரிக்கெட் ஆடுகிறவன் மணிக்கு இவ்வளவு என்று எழுதி வைப்பதில்லை. கோலம் போடுகிறவர்களும் எழுதுவதில்லை. சந்தோஷத்துக்காகச் செய்கிற காரியம் என்றால் போட்ட பணம் முழுக்கச் செலவு. சினிமா டிக்கெட் மாதிரி. எவ்வளவு திரும்பி வந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. ரொம்ப சரி.

ஆனால் வீலர் டீலர்ஸ் அதைச் சொல்லவில்லையே. பெயரிலேயே டீலர் இருக்கிறார். வாங்கு, சரி பண்ணு, விற்று லாபம் பார் என்று வியாபாரத்தின் உடையில் வருகிறது. லாபத்தைக் கணக்கிடும்போது மட்டும் ஹாபிக்கு மாறிக்கொள்கிறது. பொழுதுபோக்கு என்றால் செலவில் எழுது. வியாபாரம் என்றால் கூலியைச் சேர். இரண்டு நோட்டையும் ஒன்றாகத் தைத்து வைத்துக்கொண்டு, வேண்டிய பக்கத்தை மட்டும் பிரித்துக் காட்டுவதை எங்கள் ஊர் ஆடிட்டர்கள் வேறு பெயர் சொல்லி அழைப்பார்கள்.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் வராது. மூன்று வருஷம் சனி ஞாயிறு எல்லாம் ஒரு மனுஷன் ஷெட்டுக்குள் படுத்துக் கிடக்கிறான் என்றால், அந்த வீட்டில் குழந்தையை நீச்சல் வகுப்புக்கு யார் கூட்டிப் போனது? மதியம் சாப்பாடு எங்கிருந்து வந்தது? கிரீஸ் அப்பிய சட்டை யார் கைக்குப் போனது? எத்தனையோ ரிப்பேர் நிகழ்ச்சிகள் வந்துவிட்டன. வீட்டுக்காரம்மா தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிற காட்சியைத் தாண்டி இதை யாரும் எடுப்பதில்லை. நமக்கும் இது புதிதல்ல. நம்முடைய புள்ளியியல் துறை 2019-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் பெண்கள் தினம் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97-ல் ஜீப்புக்கு ஆயில் மாற்றியது சேருமா, தெரிந்தவர்கள் சொல்லலாம்.

* * *

இவ்வளவு திட்டிவிட்டேன். ஆனாலும் அந்த நிகழ்ச்சியை நான் ஏன் விடாமல் பார்த்தேன்? எட் சைனாவுக்காக.

சும்மா சொல்லக்கூடாது. டி.வி.யில் ஒரு மனிதர் வேலை செய்வதை அவ்வளவு மரியாதையாகக் காட்டிய நிகழ்ச்சிகள் குறைவு. ஒரு பேரிங்கைக் கையில் எடுத்து, இது ஏன் தேய்ந்தது, தேய்ந்தால் ஓட்டுகிறவருக்கு என்ன சத்தம் கேட்கும், புதுசை எந்தப் பக்கமாக உள்ளே இறக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்வார். பிரமாதமான வாத்தியார். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாத எனக்கே, டிரம் பிரேக்குக்கும் டிஸ்க் பிரேக்குக்கும் என்ன வித்தியாசம் என்று அவர் சொல்லித்தான் உறைத்தது.

அந்த ஒர்க்‌ஷாப் காட்சிகளைத்தான் வெட்டப் பார்த்தார்கள். நிகழ்ச்சி அதற்குள் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்திருந்தது. 2017-ல் எட் சைனா விலகினார். ஒர்க்‌ஷாப் பகுதியை எடுப்பது சிரமம், குறைத்துக்கொள்ளலாம் என்று அமெரிக்கச் சேனல் நினைத்தது, தரத்தில் சமரசம் செய்துகொள்ள எனக்கு விருப்பமில்லை என்று அவரே வீடியோ போட்டுச் சொன்னார். ஆன்ட் ஆன்ஸ்டெட் வந்தார். பிறகு நிகழ்ச்சி இங்கிலாந்துக்கே திரும்பிப் போய், மார்க் ப்ரீஸ்ட்லி வந்தார். இருவருமே வேலை தெரிந்தவர்கள்தான். குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2017-ல் நடந்ததைப் பாருங்கள். பதினான்கு வருஷம் எந்த உழைப்பை லாபக் கணக்கில் பூஜ்யமாக எழுதினார்களோ, அதே உழைப்பு படப்பிடிப்புக் கணக்கில் மட்டும் பெரிய செலவாகத் தெரிந்திருக்கிறது!

பேரம் பேசுகிற காட்சியை எடுக்க அரை நாள் போதும். மரை கழன்ற போல்ட்டை எடுப்பதைக் காட்ட இரண்டு நாள் காமிரா நிற்க வேண்டும். எது மிஞ்சும்?

* * *

பாதியில் நின்ற வண்டிகளைப் பற்றி இந்த நிகழ்ச்சிகள் பேசுவதே இல்லை. எல்லா எபிசோடிலும் வண்டி முடிந்துவிடுகிறது. நிஜத்தில் அப்படியா? வெளிநாட்டுக் கார் பத்திரிகைகளின் வரி விளம்பரங்களில் ‘முடிக்கப்படாத புராஜெக்ட், நேரமின்மையால் விற்பனைக்கு’ என்பது கல்யாண மாலையில் ‘நற்குடும்பம்’ மாதிரி, சலிக்கச் சலிக்க வரும். சேசிஸ் ஒரு பக்கம், கியர்பாக்ஸ் ஒரு பக்கம், போல்ட்டெல்லாம் ஜாம் பாட்டிலில். கழற்றியவருக்கு எது எங்கே என்று தெரியும். வாங்குகிறவருக்கு அந்த பாட்டில்கள் பிரம்ம ரகசியம்.

இதற்கு ஒரு ராஜ உதாரணம் உண்டு. 1948-ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்காகத் தயார் செய்த லேண்ட் ரோவர்கள் மூன்று. அதில் ஒன்று எங்கே போனது என்று பல காலம் யாருக்கும் தெரியவில்லை. 1960-களில் ரோட்டை விட்டு இறங்கிய அந்த வண்டி, வேல்ஸில் ஒரு வயலில் இருபது வருஷம் கிடந்திருக்கிறது. யாரோ ஒருவர் ஆசையாகப் புதுப்பிக்க வாங்கியிருக்கிறார். முடிக்கவில்லை. கடைசியில் அது கண்டெடுக்கப்பட்டது ஒரு வீட்டுத் தோட்டத்தில். அதுவும் எந்த சோலிஹல்லில் செய்தார்களோ அங்கிருந்து சில மைல் தூரத்தில்! 2018 ஜனவரியில் கம்பெனி இதை அறிவித்தது. (கம்பெனி என்றால் ஜாகுவார் லேண்ட் ரோவர். 2008-ல் இருந்து நம்ம டாட்டாவுடையது.) உலகத்தின் முதல் லேண்ட் ரோவர்களில் ஒன்றே ஒருவருடைய முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் சிக்கிக் கிடந்திருக்கிறது என்றால், மற்ற வண்டிகளின் கதி என்ன என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்காரர்கள் அடுத்துச் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. புத்தம் புதுசாக மாற்றப் போவதில்லை என்றார்கள். பழைய தகடுகளை, அவற்றின் வயசு தெரிகிற மேல்பரப்போடு, முடிந்தவரை காப்பாற்றப் போகிறோம் என்றார்கள். இத்தனைக்கும் அவர்களே 2016-ல், பழைய சீரிஸ் 1 வண்டிகளில் 25-ஐத் தேடி எடுத்து, தொழிற்சாலையிலிருந்து அன்றைக்குத்தான் வந்த மாதிரி ஆக்கித் தருகிறோம் என்று திட்டம் அறிவித்தவர்கள்.

இந்த விஷயத்தில் டி.வி. நிகழ்ச்சிகள் மொத்தமும் ஒரே பக்கம். ‘முன்பு - பின்பு’ என்று திரையை இரண்டாகப் பிரித்துக் காட்ட வேண்டும். பின்பு என்பது பளபளக்க வேண்டும். சுரண்டு, மணலை வீசியடி, பட்டி பார், பெயின்ட் அடி. பண்ணைக்காரர் முப்பது வருஷம் பால் கேன் ஏற்றி இறக்கியதில் ஒடுங்கின பின்கதவு? டிங்கரிங் பண்ணி நிமிர்த்து. ஓட்டுகிறவர் முழங்கை பட்டுப்பட்டு பெயின்ட் போய் வழவழவென்று இருக்கிற ஜன்னல் விளிம்பு? அடி ஒரு கோட்டிங்.

தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மணல் வீச்சு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது வண்டி இல்லை, கோயில். திருப்பணி என்று சொல்லி, எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் எடுக்கிறோம் என்று, கருங்கல் தூண்களின் மேல் மணலைப் பீய்ச்சி அடித்தார்கள். தூண் சுத்தமானது. கல்வெட்டு எழுத்து மழுங்கியது. ஆயிரம் வருஷம் மழையும் வெயிலும் செய்யாததை ஒரு கம்ப்ரெஸர் ஒரு வாரத்தில் செய்தது. தொல்லியல் தெரிந்தவர்கள் கத்திக் கதறிய பிறகுதான் தடை வந்தது. கோயிலும் ஜீப்பும் ஒன்றா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஒன்றில்லை. ஆனால் ‘புதுசு மாதிரி ஆக்குவதுதான் மரியாதை’ என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றேதான்.

எவ்வளவு மாற்றினால் பழைய வண்டி பழைய வண்டியாகவே இருக்கும் என்பதற்கு பிரிட்டிஷ் அரசாங்கம் பல வருஷமாக மார்க் முறை வைத்திருந்தது. சேசிஸுக்கு 5. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. இன்ஜினுக்கு வெறும் 1! மொத்தம் 14-ல் 8 எடுத்தால் பழைய ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் நிலைக்கும். ஆனால் சேசிஸ் ஒரிஜினலாகவோ, அதே அச்சில் செய்த புதுசாகவோ இருந்தாக வேண்டும். நாம் வண்டியின் இதயம் என்று எதைச் சொல்கிறோமோ அதற்குத்தான் குறைந்த மார்க். எனக்கு இது பிடித்திருக்கிறது. 2025-ல் விதிகளைக் கொஞ்சம் தளர்த்தி, உள்ளது உள்ளபடி பழுது பார்த்தால் தகவல்கூடச் சொல்ல வேண்டாம் என்றார்கள்.

நம் ஊரில் 2021-ல் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. 50 வருஷத்துக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும். நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்து வரும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்கு. தினசரி ரோட்டில் ஓட்டக்கூடாது. சேசிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது. நல்ல விதிதான், கார் வைத்திருக்கும் சீமான்களுக்கு. ஆனால் நம்ம ஊர் ஜீப்புகளை நினைத்துப் பாருங்கள். 1940-களின் கடைசியில் மஹிந்திரா கொண்டுவந்த வில்லிஸ் வம்சத்தில், பெட்ரோல் விலைக்குப் பயந்து டீசல் இன்ஜினுக்கு மாறாத வண்டி எத்தனை தேறும்? புதுப்பேட்டையில் ஒரு வண்டியின் ஆக்ஸிலும் இன்னொரு வண்டியின் கியர்பாக்ஸும் சேர்ந்துதான் மூன்றாவது ஜீப் உயிரோடு இருந்திருக்கிறது. பார்ட் கிடைக்காவிட்டால் லேத்தில் கடைந்து மாட்டினார்கள். அந்த ஒட்டுப்போட்ட ஜீப்புதான் மலைக்கு மிளகும் காப்பியும் ஏற்றியது, பி.டி.ஓ.வைக் கிராமத்துக்குக் கூட்டிப் போனது. அதன் ஒரிஜினாலிட்டி அந்த ஒட்டுகளில்தான் இருக்கிறது. படிவத்தில் அதை எழுதுவதற்குக் கட்டம் கிடையாது.

அந்த மெக்கானிக்குகளைப் பற்றி யாராவது ஒரு நிகழ்ச்சி எடுத்தால் முதல் ஆளாக உட்காருவேன். அங்கேயும் ஒரு தொல்லை இருக்கிறது. லேபர் எவ்வளவு என்று கேட்டால், “பாத்துப் போட்டுக் குடுங்க சார்” என்பார்கள்.

வீலர் டீலர்ஸை இதுவரை பார்க்காதவர்களுக்கு என் சிபாரிசு: ஆரஞ்சுக் கையுறை இருக்கிற சீசன்களாகத் தேடிப் பாருங்கள். பேரக் காட்சியை ஓட்டிவிடலாம். ஒர்க்‌ஷாப்பில் நிதானமாக உட்காருங்கள். கடைசி இரண்டு நிமிடத்துக்கு முன்னால் எழுந்து போய்ப் பல் தேய்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளலாம்.